பிண்ணாக்கில் பி.டி. பாக்டீரியா வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாயிகளும், மதுரைக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகளும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இந்த பி.டி.ன்னா என்னங்க? மருந்தா, கிருமியா?

கிருமிதான். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா. மண்ணில், இலை மேல், தானியக் கிடங்குத் தூசியில் எல்லாம் இருக்கும். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது இஷிவாதா என்பவர் இதை முதலில் பிரித்தெடுத்தார். 1911இல் ஜெர்மனியில் பெர்லினர், மாவு அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து இதையே கண்டார்.

சாப்பாடு இருக்கும்வரை பெருகும். தீர்ந்ததும் உடம்புக்குள் ஒரு வித்து (ஸ்போர்) உருவாக்கிக்கொண்டு அடங்கிவிடும். அந்த வித்து உருவாகும்போதே பக்கத்தில் ஒரு புரதப் படிகமும் உருவாகிறது. புழுவைக் கொல்வதில் பெரும்பங்கு அந்தப் படிகத்துக்குத்தான். எனவே நம் வேலை பாக்டீரியாவைப் பெருக்குவதோடு முடிவதில்லை, படிகம் கட்டும்வரை கொண்டுபோக வேண்டும். கீழே வரும் பாதிப் பதில்கள் இதைச் சுற்றித்தான்.

புழு மேல பட்டதும் செத்துருமா?

சாகாது. தின்ன வேண்டும். புழுவின் நடுக்குடலில் காரத்தன்மை அதிகம். அதில்தான் படிகம் கரைகிறது. கரைந்த புரதத்தைக் குடல் நொதிகள் வெட்டி நஞ்சாக மாற்ற, அது குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் இரைப்பையில் இருப்பது அமிலம். அந்த நஞ்சு ஒட்டுவதற்கான இடமும் நம் குடலில் கிடையாது.

அடித்த மறுநாள் காலையில் வயலுக்குப் போய், "புழு இன்னும் உசுரோட கெடக்கு, மருந்து டூப்பு" என்று சொல்பவர்கள் நிறைய. புழுவை எண்ணாதீர்கள், புழுக்கையைப் பாருங்கள். தின்பதைச் சில மணி நேரத்திலேயே நிறுத்திவிடும். இலையில் புதிய கடி இருக்காது, பச்சைப் புழுக்கை இருக்காது. அப்புறம் உடம்பு சுருங்கி, தொட்டால் நகராமல் துவண்டு, பழுப்பாகிக் கறுக்கும். இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாள்களில் பயிருக்குச் சேதம் இல்லை என்பதுதான் கணக்கு.

எல்லாப் புழுவுக்கும் ஒரே பி.டி. தானா?

இல்லை. இதில் பல வகை உண்டு. குர்ஸ்டாகி வகை அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு: முட்டைக்கோஸ் வைரமுதுகுப் புழு, ஆமணக்குக் காவடிப்புழு, பச்சைக் காய்ப்புழு போன்றவை. இஸ்ரேலென்சிஸ் வகை கொசுப்புழுவுக்கு. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கிடைத்தது. டெனிப்ரியோனிஸ் வகை சில வண்டுகளுக்கு. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி மாதிரி சாறு உறிஞ்சுவதற்கு இவை எதுவும் ஆகாது. இலை மேல் கிடக்கும் படிகம் உறிஞ்சுகுழலுக்குள் போகாது.

புகையிலை வெட்டுப்புழு என்கிற புரொடீனியாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்துப்பூச்சியின் புழுதான், ஆனாலும் குர்ஸ்டாகிக்கு எளிதில் அசையாது. நிலக்கடலையில் இதை அடித்துவிட்டு ஏமாந்து வருபவர்களுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். எந்தப் புழு என்று தெரியாவிட்டால் ஒரு டப்பாவில் இலையோடு போட்டு ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கோ வட்டார வேளாண் அலுவலரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பி.டி. பருத்தியும் இதுவும் ஒண்ணா சார்?

பாக்டீரியா ஒன்று, வழி வேறு. படிகப் புரதத்துக்கான மரபணுவைச் செடிக்குள்ளேயே வைத்தது பி.டி. பருத்தி. இந்தியாவில் 2002இல் அனுமதி கிடைத்தது. நாம் இங்கே பேசுவது பாக்டீரியாவையே வளர்த்துத் தெளிப்பது.

லேப் மீடியா டப்பா விலையக் கேட்டா தலை சுத்துது. கடலைப் பிண்ணாக்குல வளருமா?

நன்றாகவே வளரும். இதற்கு வேண்டியது புரதம், கொஞ்சம் சர்க்கரை, சில உப்புகள். கடலைப் பிண்ணாக்கில் ஏறக்குறைய பாதி புரதம்தான். நான் சொல்லித்தரும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு: பிண்ணாக்குப் பொடி 20 முதல் 30 கிராம், மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) 10 கிராம், மெக்னீசியம் சல்பேட் கால் கிராம் போல, மாங்கனீஸ் சல்பேட்டும் கால்சியம் குளோரைடும் ஒவ்வொரு சிட்டிகை. மாங்கனீஸை விட்டுவிடாதீர்கள். வித்து கட்டுவதற்கு அது வேண்டும். பிண்ணாக்கை ராத்திரி ஊறவைத்து மிக்சியில் அரைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். திப்பியோடு விட்டால் பின்னால் மைக்ராஸ்கோப்பில் எது வித்து, எது பிண்ணாக்குத் துகள் என்று தெரியாது. கிருமி நீக்கத்துக்கு முன் கார அமில நிலை (pH) 7இலிருந்து 7.2 வரை இருக்கட்டும்.

500 மில்லி குடுவையில் 100 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். வாயில் பஞ்சு அடைப்பு. தாய் வளர்ப்பை (விதையாகப் போடும் பி.டி.யை) முதல் நாளே சிறு குழாயில் எழுப்பி வைத்து, நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு சேர்க்கலாம். 30 டிகிரியில், நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றுச் சுற்றும் ஷேக்கர் என்ற குலுக்கும் கருவியில் 48 முதல் 72 மணி நேரம். கத்திரி வெயில் மாதத்தில் ஏசி இல்லாத அறையில் 30 டிகிரி என்பது மதுரையில் கனவுதான். பாக்டீரியா அந்தச் சூட்டிலும் வளரும், படிகம்தான் குறையும்.

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். அதில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம், அரைக்கும்போது உங்கள் மூக்குக்குள்ளும் போகும். மரச்செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் கூடுதல். கொஞ்சம் இருந்தால் நுரை அடங்கும், அதிகம் என்றால் மேலே படலமாக நின்று காற்றைத் தடுக்கும்.

மொலாசஸ் இன்னும் கொஞ்சம் கூட ஊத்தினா நிறைய வளருமில்ல?

இந்த ஆசை எல்லோருக்கும் வரும். சர்க்கரையைத் தின்னும்போது பி.டி. அமிலத்தை வெளியே விடுகிறது. அளவாக இருந்தால் முதலில் புளித்து, பிறகு அந்த அமிலத்தையே தின்று, கடைசியில் காரப் பக்கம் ஏறி 8க்கு அருகில் போய் நிற்கும். அந்த ஏற்றம் வந்தால் வித்து கட்டுகிறது என்று நம்பலாம். சர்க்கரை மிஞ்சினால் புளிப்பிலேயே மாட்டிக்கொண்டு வளர்ச்சி நின்றுவிடும். ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கல் பொடி சேர்த்துத் தாங்கிப் பிடிக்கலாம், ஆனால் அளவாக ஊற்றுவதே நல்லது.

சாக்கடைக் கொசுவுக்குப் பயன்படும் லைசினிபேசில்லஸ் ஸ்பேரிகஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குச் சர்க்கரையைத் தின்னவே தெரியாது. அதற்கு மொலாசஸ் வீண். புரதம் மட்டும் கொடுங்கள்.

வடிகஞ்சி, தேங்காத் தண்ணி, கோழி இறகு, வேப்பம் பிண்ணாக்கு... இதுல எதெல்லாம் ஆகும்?

சோயா மாவு தாராளமாக ஆகும். வடிகஞ்சியில் மாவுச்சத்துதான், புரதம் பற்றாது. மொலாசஸுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், தனியாக ஆகாது. கொப்பரைக் களத்தில் வீணாகும் தேங்காய்த் தண்ணீரும் அப்படியே. அன்றைக்கே பிடித்ததாக இருக்க வேண்டும், புளித்தது வேண்டாம். வேப்பம் பிண்ணாக்கு வேண்டாம். புழுவுக்கு ஆகாதது பாக்டீரியாவுக்கும் அவ்வளவாக ஆகாது. ஆமணக்குப் பிண்ணாக்கில் ரைசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது, அதைப் பொடிக்கவே பொடிக்காதீர்கள்.

கோழி இறகைக் கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்டார். ஆனால் புதுச்சேரியில் கொசு போன்ற நோய்பரப்பிகளை ஆராயும் மத்திய அரசு மையத்தில் அதை உண்மையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். கறிக்கடைக் கழிவு இறகைக் கரைத்து, கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாக்களை அதில் வளர்த்தார்கள். இறகு முழுக்கப் புரதம், எனவே ஸ்பேரிகஸுக்கும் ஒத்துப்போகும். வீட்டில் செய்யாததற்கு ஒரே காரணம் நாற்றம்.

பஞ்சகவ்யா மாதிரி ட்ரம்முல போட்டுக் காலையும் சாயங்காலமும் குச்சியால கலக்கினா போதாதா அண்ணே?

போதாது. என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. பஞ்சகவ்யாவிலும் ஜீவாமிர்தத்திலும் பல நுண்ணுயிர்கள் கலந்து வளர வேண்டும் என்பதே நோக்கம். அங்கே கலப்படம் என்று ஒன்றே இல்லை. இங்கே ஒன்றே ஒன்றுதான் வேண்டும். நீங்கள் தயார் செய்த பிண்ணாக்குத் தண்ணீர் ஊரில் உள்ள எல்லாப் பாக்டீரியாவுக்கும் கல்யாண விருந்து. காற்றிலும் தண்ணீரிலும் குச்சியிலும் இருப்பவை பி.டி.யை விட வேகமாகப் பெருகும். பி.டி. பின்தங்கிவிடும். மூன்றாம் நாள் உங்களிடம் இருப்பது கெட்டுப்போன பிண்ணாக்குத் தண்ணீர். அதில் மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளும் இருக்கலாம். அதைக் கீரையிலும் தக்காளியிலும் தெளிக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று காற்று. பி.டி. படிகம் கட்ட ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும். நாளுக்கு இரண்டு தடவை குச்சி சுழற்றினால் மேலே ஒரு விரற்கடைக்கு மட்டும் காற்று சேரும். மீன்தொட்டிப் பம்பு வைக்கிறேன் என்பார்கள். வைக்கலாம், ஆனால் அது ஊதும் காற்று வடிகட்டியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமியைக் குழாய் போட்டு உள்ளே அனுப்புகிறீர்கள். ஊடகத்தின் (பாக்டீரியாவுக்கான தீனியின்) விலையைக் குறைப்பது இந்த வேலையில் எளிய பகுதி. சுத்தத்துக்கும் காற்றுக்கும் மலிவான மாற்றை இதுவரை நான் பார்க்கவில்லை.

ஆட்டோகிளேவ் இல்ல. வீட்டுக் குக்கர் போதுமா?

சிறிய அளவுக்குப் போதும். வெயிட் போட்ட குக்கர் ஏறக்குறைய 15 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்கிறது, அதாவது 121 டிகிரி. தெளிந்த ஊடகத்துக்கு 20 நிமிடம் என்று புத்தகத்தில் இருக்கும். பிண்ணாக்கு கெட்டியானது, வெப்பம் தாங்கும் வித்துகளும் அதில் ஏராளம். எனவே முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 40 நிமிடம் வையுங்கள். அடியில் தண்ணீர் வற்றாமல் இருக்க வேண்டும். குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பினால் பொங்கிப் பஞ்சை நனைக்கும். நனைந்த பஞ்சு வழியாகக் கிருமி போகும்.

ஆறியதும் உடனே விதைக்காமல், ஒரு குடுவையை மட்டும் விதைக்காமலேயே இரண்டு நாள் ஷேக்கரில் விட்டுப் பாருங்கள். அது கலங்கினால் குக்கர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ட்ரைகோடெர்மா பூஞ்சையை அரிசியில வளக்குறோமே, இதை அப்படி வளக்க முடியாதா?

முடியும். ஐதராபாத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிறுவனம் கோதுமைத் தவிட்டில் பி.டி. வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது, ஆமணக்குக் காவடிப்புழுவுக்காகத்தான். ஈரத் தவிட்டில் துகள்களுக்கு இடையே காற்று தானாகக் கிடைக்கிறது, ஷேக்கர் வேண்டியதில்லை. கரண்ட் போய்ப் போய் வரும் ஊருக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். கனமாகக் குவித்தால் உள்ளே சூடு ஏறிவிடும். மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும்.

வித்தியாசம் ஒன்று உண்டு. ட்ரைகோடெர்மா பையில் வேறு பூஞ்சை வந்தால் கருப்பாகவோ ஆரஞ்சாகவோ கண்ணுக்குத் தெரியும், பையைத் தூக்கிப் போட்டுவிடலாம். தவிட்டில் வேறு பாக்டீரியா வந்தால் எந்த நிறமும் காட்டாது. அடுத்த கேள்வியைப் படிக்காமல் இதில் இறங்காதீர்கள்.

வளர்ந்தது பி.டி. தான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வாசனை, நிறம், நுரை இவற்றை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டு சோதனை வேண்டும். முதலாவது, எண்ணெய் லென்ஸ் போட்ட, ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப். ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டால், கோல் வடிவ உடலின் ஒரு பக்கம் சாயம் ஏறாத பளபளப்பான முட்டை மாதிரி வித்தும், அதை ஒட்டிச் சாயம் அடர்ந்து பிடித்த படிகமும் தெரியும். குர்ஸ்டாகியில் படிகம் டைமண்ட் கட்டம் போல இரண்டு பக்கமும் கூராக இருக்கும், இஸ்ரேலென்சிஸில் ஒழுங்கற்ற உருண்டை. மூன்றாம் நாளில் உடல் உடைந்து வித்தும் படிகமும் தனித்தனியாக மிதக்கும். அறுவடைக்கு அதுதான் நேரம்.

இரண்டாவது சோதனை புழு. ஆமணக்கு இலையைக் கரைசலில் நனைத்து நிழலில் உலர்த்தி, இளம் காவடிப்புழுக்களை டப்பாவில் போட்டு மூன்று நாள் பாருங்கள். கொசு வகை என்றால் 25 புழுக்களை ஒரு கப் குளோரின் இல்லாத தண்ணீரில் விட்டு ஒரு நாள். பக்கத்திலேயே மருந்து போடாத இன்னொரு டப்பா கட்டாயம். அதிலும் புழு செத்தால் சோதனை செல்லாது.

ஸ்போர் கோடிக்கணக்குல இருக்கு சார். ஆனா புழு சாகலையே?

புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளின் கேள்வி. வித்தின் எண்ணிக்கை வேறு, நஞ்சின் அளவு வேறு. அதனால்தான் தொழிற்சாலைகள் வித்தை எண்ணுவதோடு நிற்காமல் புழுவில் சோதித்து, தரநிலைப் பொடியோடு ஒப்பிட்டு வீரியத்தைக் குறிக்கின்றன. இஸ்ரேலென்சிஸுக்கான ஐ.பி.எஸ்.82 என்ற பன்னாட்டுத் தரநிலைப் பொடி ஒரு மில்லிகிராமுக்கு 15,000 அலகு.

படிகத்துக்கான மரபணு பெரும்பாலும் பாக்டீரியாவின் முக்கிய மரபுத்தொகுதியில் இல்லை, பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கிறது. போன தொகுதியிலிருந்து இந்தத் தொகுதி, இதிலிருந்து அடுத்தது என்று உறைமோர் மாதிரி மாற்றிக்கொண்டே போனால் அந்த வளையத்தைத் தொலைத்த செல்கள் பெருகும். நன்றாக வளரும், வித்தும் கட்டும், படிகம் மட்டும் இருக்காது. முதல் தலைமுறையையே பல குழாய்களில் ஃபிரிட்ஜில் வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து தொடங்குங்கள்.

கடையில வாங்குன பி.டி. பாக்கெட்டையே விதையாப் போட்டா?

வேண்டாம். அதில் தெளிப்புக்கான துணைப்பொருள்கள் இருக்கும், பாக்கெட்டைத் திறந்த பின் சேர்ந்த கிருமியும் இருக்கும். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. போன்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து கல்லூரி மூலமாக எழுதிக் கேட்டு வாங்கலாம்.

நம் மண்ணிலிருந்து நாமே பிரித்தெடுக்கலாமே என்பவர்களுக்கு: படிப்புக்குச் செய்யுங்கள், வயலுக்கு வேண்டாம். மண்ணில் கிடைக்கும் சில பி.டி. வகைகள் பீட்டா எக்ஸோடாக்சின் என்ற வேறு ஒரு நஞ்சைச் சுரக்கும். அது சூட்டுக்கும் அழியாது, பூச்சியோடு நிற்காமல் பாலூட்டிகளையும் பாதிக்கும். தவிர, சோற்றைக் கெடுக்கும் பேசில்லஸ் சீரியஸ் இதன் நெருங்கிய உறவு. வளர்ப்புத் தட்டில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

எங்க மல்லித் தோட்டத்து மொட்டுப்புழுவுக்கு அடிக்கலாமா?

பதிவு பெற்ற குர்ஸ்டாகி தயாரிப்பை, புழு மொட்டுக்குள் போவதற்கு முன்னால் அடிக்கலாம். உள்ளே போய்விட்டால் அது தின்பது மொட்டின் உள்பக்கத்தை, மருந்து கிடப்பது வெளிப்பக்கத்தில். இரண்டாம் கேள்வியில் சொன்ன கதைதான். கத்தரித் தண்டுத் துளைப்பானுக்கும் இதே பதில். மக்காச்சோளப் படைப்புழுவுக்குச் செடி சின்னதாக, புழுவும் சின்னதாக இருக்கும்போது லிட்டருக்கு 2 கிராம் வீதம் குருத்துக்குள் இறங்கும்படி அடிக்க இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது.

சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் சில நாள்களிலேயே படிகத்தையும் வித்தையும் கெடுத்துவிடும். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் காரம். 8க்கு மேல் இருந்தால் எலுமிச்சைச் சாறு விட்டு இறக்கிக்கொள்ளுங்கள். காப்பர் மருந்துகளோடு ஒரே டேங்கில் கலக்கக் கூடாது.

வீட்டுத் தொட்டியில கொசுப்புழு நெளியுது. அதுல ஊத்தலாமா?

நீங்கள் வளர்த்ததை, கூடாது. குடிக்க, சமைக்க எடுக்கும் தண்ணீரில் வீட்டு வளர்ப்பை ஊற்றவே கூடாது. தண்ணீர் நாள் விட்டு வரும் தெருக்களில் சிமெண்ட் தொட்டியும் ட்ரம்முமாக நிரப்பி வைக்கிறோம், டெங்கு பரப்பும் ஏடிஸ் அதில்தான் முட்டை இடுகிறது. வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவி மூடுவதே இதற்கு மருந்து. தூய்மையான தேங்கு நீருக்கு இஸ்ரேலென்சிஸ், சாக்கடைக்கு ஸ்பேரிகஸ் என்பது பொதுக் கணக்கு. ஸ்பேரிகஸ் ஏடிஸை ஒன்றும் செய்யாது. இரண்டுமே கூட்டுப்புழுவைத் தொடாது, ஏனென்றால் அந்தப் பருவத்தில் அது தின்பதில்லை.

தொடர்ந்து ஒன்றையே போட்டால் எதிர்ப்பு வரும். 1990களில் கொச்சியில் ஸ்பேரிகஸுக்குக் க்யூலெக்ஸ் கொசு அசையாமல் போனது. இஸ்ரேலென்சிஸில் பல நஞ்சுகள் சேர்ந்து வேலை செய்வதால் அதற்கு எதிர்ப்பு வருவது அரிது.

பக்கத்துத் தோட்டத்துல பட்டுப்புழு வளக்குறாங்க. பரவாயில்லையா?

குர்ஸ்டாகியை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முதல் பதிலை மறுபடி பாருங்கள், இது முதலில் பிடிபட்டதே பட்டுப்புழுவைக் கொன்றுதான். மல்பெரி இலையில் படும் சாரல் போதும்.

குழுவாச் சேர்ந்து வளத்து லிட்டர் கணக்குல விக்கலாமா?

பதிவும் உரிமமும் இல்லாமல் விற்க முடியாது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் பி.டி.யும் வருகிறது. சொந்தமாகப் பயிரிடும் நிலத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் பயன்படுத்துவதற்கு 38ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அடுத்தவருக்குக் கொடுப்பது அதில் அடங்காது. காசு வாங்காமல் கொடுத்தாலும் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், விநியோகமும் சட்டத்துக்குள்தான் வரும்.

மீந்துபோனதை எங்க கொட்டுறது?

தப்பிப்போன தொகுதியாக இருந்தால் குடுவையோடு மறுபடி குக்கரில் 40 நிமிடம் வைத்து, பிறகு எருக்குழியில் ஊற்றலாம். பிளீச்சிங் பவுடர் மட்டும் போட்டால் வித்துகள் எளிதில் சாகாது. நல்ல தொகுதி மீந்தால் ஃபிரிட்ஜில் சில நாள் தாங்கும், வெளியே வைத்தால் அதன் சொந்த நொதிகளே படிகத்தைத் தின்றுவிடும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், பார்க்க மோர் மாதிரியே இருக்கும். வளர்க்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்த வேலையை வேறு ஆளிடம் விட்டுவிடுவது நல்லது.